தீப்பந்தக்காரனின் நிறம்

அத்தியாயம் பதினேழு

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கே சாரதாம்பாள் வாசலைக் கழுவிக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்து நாற்காலிகளை எண்ணினாள். மூன்று இருந்தன. அதில் ஒன்றுக்குக் கால் ஆடும். பக்கத்து வீட்டு அம்சாவிடம் இரண்டு கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பூஞ்சேரியிலிருந்து பொன்னியின் அப்பா சாயங்காலம் வருகிறார். போன சனிக்கிழமை இவர்கள் போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தாயிற்று. பொன்னிக்கு ரஞ்சித்குமாரைப் பிடித்திருந்தது. ரஞ்சித்துக்கும் அப்படியே. அவள் அப்பாவுக்குத்தான் ஒரு கேள்வி பாக்கி. மாமல்லபுரத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்களை வேனில் ஏற்றி இறக்கிப் பிழைக்கிறவர் அவர். நாலு மாசம் ஓட்டமும் எட்டு மாசம் உட்காரலும் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

"பையனுக்கு வேல பெர்மனென்ட்டா?" என்று கேட்டார்.

"வியாழக்கெழம ஆர்டர் கைக்கு வந்துடும். வந்து நீங்களே கண்ணால பாத்துக்கங்க," என்று சாரதாம்பாள் அடித்துச் சொல்லிவிட்டு வந்தாள். சொன்ன நாள் இன்று.

சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டை ஒட்டிய முதல் சந்தில் அவர்கள் வீடு. மூத்தவன் பரணிதரன் விடிவதற்குள் சிறுசேரிக்குக் கம்பெனி ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தான். அவன் பெண்டாட்டி ரேணுகாவும் தம்பி ரஞ்சித்தும் ஒரே அச்சகத்தில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரேணுகாதான் அவனை அங்கே சேர்த்துவிட்டாள். "எம் பொறுப்பு சார்," என்று மேனேஜரிடம் சொல்லிச் சேர்த்தது.

"ரேணுகா, அந்த மேனேஜரு கையில காலையிலயே கேட்டு வாங்கிடு. சாயங்காலம்னு இழுக்க வுடாத."

"குடுக்கறப்ப குடுப்பாரு அத்த. போயி கைய நீட்டினு நின்னா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இல்லாட்டி போவுது. இவனுக்குத்தான் வாயே இல்லியே. நீ சேத்துவுட்ட, நீயே கேளு."

ரஞ்சித் தட்டைப் பார்த்துக்கொண்டே நாஸ்தாவை முடித்தான். இருபத்தாறு வயது. மிஷினைத் தட்டிக்கொடுத்துப் பேசுவான், மனிதர்களிடம் தலையை ஆட்டுவதோடு சரி.

அச்சகம் கேட்டிலிருந்து கால் மணி நடை. பெரிய இடம் ஒன்றும் இல்லை. ஒரு கலர் அடிக்கிற மிஷின் ஒன்று, வெட்டுகிற மிஷின் ஒன்று, பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு நீள மேஜை. அந்த மேஜையில் ஏழு பெண்கள். அதில் ஒருத்தி ரேணுகா, மற்ற ஆறு பேருக்கும் தலை.

அவள் தலையானது லேசில் நடக்கவில்லை. பதினொரு வயதில் கல்குவாரியில் ஜல்லி உடைக்க உட்கார்ந்தவள். கல்யாணம் ஆகி இந்தப் பக்கம் வந்து, அச்சகத்தில் கழிவுக் காகிதம் கூட்டி, பிறகு ஷீட் எண்ணி, பிறகு மேஜைக்கு வந்தாள். அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்து ஒன்றுதான் அவள் படிப்பு. எழுத்துக்கூட்டிப் படிப்பாள். கையெழுத்தை மட்டும் ஒரே இழுப்பில் போடுவாள். முதல் எழுத்தின் வாலைக் கீழே இழுத்து, பேர் முழுக்க அடிக்கோடு போட்டதுபோல் முடிப்பாள். மேஜைப் பெண்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், பொறாமையும் படுவார்கள்.

இரண்டு மாதமாக மேஜையில் ஓடுவது சீட்டாட்டக் கார்டு. சாதாரணச் சீட்டு இல்லை. 'அஞ்சு கோட்டை' என்று பேர். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த ஷபானா என்ற பெண் வேலையை விட்டுவிட்டு இந்த விளையாட்டை உண்டாக்கியிருந்தாள். பாக்கெட்டுக்குப் பதினொரு கார்டு. ஐந்து நிறத்திலும் இரண்டிரண்டு, கூட ஒரு நிலக் கார்டு. வாங்குகிறவன் பிரித்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். பிடிக்காததை இன்னொருவனிடம் கொடுத்துப் பிடித்ததை வாங்கிக்கொள்வான்.

முதல் நாள் ஷபானாவே மேஜைக்கு வந்து சொல்லிக்கொடுத்தாள்.

"அக்கா, ஒரு கார்டு என்ன கலர்னு எப்படிச் சொல்லுவீங்க?"

"பாத்தா தெரியுதே," என்றாள் அதே மேஜையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அம்சா. "இந்த வயக்காட்டு படம் பச்சப் பசேல்னு கீது. பச்ச."

"அதுதான் இல்ல. அதுக்குக் கலரே கிடையாது."

மேஜை முழுக்கச் சிரித்தது. ஷபானாவும் சிரித்தாள். பிறகு கார்டின் வலது மேல் மூலையைத் தொட்டுக் காட்டினாள். "இங்க பாருங்க. சின்னச் சின்னப் பொட்டு. இந்தக் கார்டை ஆட்டத்துல இறக்கணும்னா என்ன குடுக்கணுமோ, அதான் இந்தப் பொட்டு. நீலப் பொட்டு இருந்தா நீலக் கார்டு. நீலமும் பச்சையும் சேந்து இருந்தா ரெண்டு கலருமே அதுக்குச் சொந்தம். சாம்பல் வட்டத்துல வெறும் நம்பர் இருந்தா அது கணக்குல வராது. எந்தக் கலரையும் குடுத்துக்கலாம், அதனால அது எந்தக் கலரையும் தராது. நிலக் கார்டை இறக்க ஒண்ணும் குடுக்க வேணாம். பொட்டே இல்ல. அதனால கலரும் இல்ல."

"படம்?"

"படம் என்ன வேணா இருக்கட்டும். ஓரத்துல அடிக்கிற பட்டைகூடச் சும்மா பாக்கறவங்க கண்ணுக்கு. ஆட்டத்துல சண்டை வந்தா பொட்டுதான் பேசும்."

ரேணுகா அதைத் தன் பேச்சில் மாற்றிப் பெண்களுக்குச் சொன்னாள். "எறக்கறதுக்கு இன்னா குடுக்கணுமோ அதாம்மே அதும் கலரு. மொகத்த பாக்காத, மூலைய பாரு." அன்றிலிருந்து மேஜையில் ஆறு தட்டு. ஐந்து நிறத்துக்கு ஐந்து, பொட்டில்லாததுக்கு ஒன்று. வெட்டி வந்த கார்டுகளை அதில் பிரித்துப் போட்டு, பிறகு பாக்கெட்டுக்கு எண்ணி எடுப்பார்கள்.

படமும் பொட்டும் சிவகாசியில் அடித்துப் பெரிய ஷீட்டாக வரும், ஒரு ஷீட்டில் முப்பத்தாறு கார்டு. ஓரப் பட்டை மட்டும் வெள்ளையாக இருக்கும். நீலப் பொட்டு ஷீட்டுக்கு நீலப் பட்டை, சிவப்புக்குச் சிவப்பு என்று அதை அடிப்பது இங்கே, ரஞ்சித்தின் மிஷினில்.

இன்று இவர்கள் உள்ளே நுழைந்தபோது மேஜை வெறுமையாக இருந்தது. தட்டுகளை யாரோ அடுக்கிச் சுவரோரம் வைத்திருந்தார்கள். பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

மேனேஜர் ஜானகிராமன் அறையிலிருந்து கூப்பிட்டார். அதட்டுகிற ஆள் இல்லை. கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவர். கெட்ட செய்தியை டீ வேண்டுமா என்று கேட்கிற குரலிலேயே சொல்லுவார்.

"ரேணுகா, திங்கட்கிழமை அனுப்பின பெட்டி திரும்பி வந்திருக்கு. கடைக்காரன் பிரிச்சுப் பாத்திருக்கான். ஒரு பாக்கெட்ல நாலு சிவப்பு, நீலம் ஒண்ணுகூட இல்ல. அடுத்ததும் அப்படித்தான். பதினாலு பாக்கெட் அப்படி."

"இருக்காது சார்."

"இருக்கே. அந்தப் பொண்ணு மூணு மணிக்கு வரா. வந்தா அவ கையில ஒரு கடுதாசி குடுத்தாகணும். டைப் அடிச்சு வெச்சிருக்கேன். நீ கையெழுத்துப் போட்டா போதும்."

ரேணுகா எழுத்துக்கூட்டினாள். பிரிப்பு மேஜையின் கவனக்குறைவால் என்று ஆரம்பித்தது.

"போட்டா இன்னா ஆவும் சார்?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "மேஜையை நிறுத்திட்டு வெளியில கான்ட்ராக்டுக்கு விடச் சொல்றார் ஓனர். உன்னை மட்டும் வேற எங்கயாவது போட்டுக்கறேன்."

"மத்த ஆறு பேரு?"

"மூணு மணி வரைக்கும் யோசி," என்றார் அவர்.

ரேணுகா கடிதத்தை அங்கேயே வைத்துவிட்டு, திரும்பி வந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேஜைக்குப் போனாள். ஒரு பாக்கெட்டைக் கொட்டினாள். நாலு கார்டுக்குச் சிவப்புப் பட்டை. மேலே கிடந்தது, எரிகிற பந்தத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படகில் நிற்கும் ஒருவன். முகமெல்லாம் நெருப்பு வெளிச்சம். பெண்கள் அவனுக்குத் தீப்பந்தக்காரன் என்று பேர் வைத்திருந்தார்கள்.

மூலையைப் பார்த்தாள். இரண்டு பொட்டு. இரண்டும் நீலம்.

"அக்கா," என்றாள் அம்சா மெதுவாக. "இத நா அன்னிக்கே கேட்டேன். பட்ட செவப்பா கீது, பொட்டு நீலமா கீது, எதுல போடறதுன்னு. நீதான் மூலைய பாருன்ன."

கேட்டது உண்மை. ரேணுகாவுக்கு ஞாபகம் வந்தது. ஆளை ஏமாற்றத்தான் விளையாட்டுக்காரர்கள் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, அதற்குமேல் யோசிக்காமல் அடுத்த கட்டை எடுத்துவிட்டாள்.

"நாம போட்டது சரிதாம்மே," என்றாள் இப்போது. "நீலத்துல போட்டோம், அது நீலந்தான். பட்டதான் தப்பு."

சொன்ன மூச்சிலேயே அந்தப் பட்டை யார் அடித்தது என்பதும் அவளுக்கு உறைத்தது. மேஜையில் எல்லோரும் அவள் கொழுந்தனின் மிஷின் இருக்கிற பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

ரஞ்சித் ரோலரை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் கார்டை அவன் முன்னால் நீட்டினாள்.

"எப்ப அடிச்ச இத?"

அவன் பார்த்தான். கண்ணை எடுத்துக்கொண்டான். "சனிக்கெழம. கடசி அடுக்கு. எரநூறு ஷீட்டு."

"பொட்ட பாக்கலியா?"

"செவப்பு ஓடிகினு இருந்திச்சி அண்ணி. மேல் ஷீட்டுல இவந்தான் நின்னுகினு இருந்தான், பந்தத்தோட. செவப்புன்னு நெனச்சி வுட்டேன்."

சனிக்கிழமை நாலு மணிக்குப் பூஞ்சேரிக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. சாரதாம்பாள் அச்சக வாசலிலேயே ஆட்டோவோடு வந்து நின்றாள். அந்த அவசரம் ரேணுகாவுக்கும் தெரிந்ததுதான்.

அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த அடுக்கு ஓடினாலும் முதலில் ஒரு ஷீட் அடித்து, நிறம் சரி என்று ஒருவர் கையெழுத்துப் போட்டபிறகே மீதியை ஓட்ட வேண்டும். அந்த ஷீட்டை மிஷின் பக்கத்துச் சுவர் ஆணியில் குத்தி வைப்பார்கள். கையெழுத்து மேனேஜருடையது. சனிக்கிழமை அவர் மத்தியானமே போய்விடுவதால் அன்றைக்கு மட்டும் ரேணுகா போடுவாள்.

அவள் மனதுக்குள் சனிக்கிழமைக் கையெழுத்துகளை ஓட்டிப் பார்த்தாள். மஞ்சள். பச்சை. சிவப்பு. நீலத்துக்குப் போட்ட நினைவே இல்லை.

ஆணியைப் பார்த்தாள். மேலே இருந்தவை இந்த வாரத்து ஷீட்டுகள். தூக்கிப் பார்த்தாள். அடியில் சனிக்கிழமை ஷீட்டுகள், மஞ்சள், பச்சை, சிவப்பு. அவற்றுக்குமேல் குத்தியிருந்த ஒன்றைக் கிழித்து எடுத்ததுபோல், ஆணியில் ஒரு துண்டுக் காகிதம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கடசி ஷீட்டு எங்கடா?"

ரஞ்சித் துணியைத் தண்ணீர் பிழிவதுபோல் முறுக்கினான். "காணோம்."

"கையெழுத்து வாங்காமயே ஓட்டிட்டியா?"

அவன் வாயைத் திறந்தான். அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மூடிக்கொண்டான்.

அதுவே அவளுக்குப் பதிலாக இருந்தது. இரண்டு வருஷம் தன் பேரைச் சொல்லி நிறுத்திவைத்தவன், ஒரு ஷீட்டைக் கிழித்து ஒளித்துவிட்டுத் துணி பிழிந்துகொண்டு நிற்கிறான். அவளுக்குக் கோபத்தைவிட அசிங்கமாக இருந்தது.

மத்தியானம் சாரதாம்பாள் வந்தாள். சாப்பிட வீட்டுக்குப் போன அம்சா சொல்லியிருப்பாள். வாட்ச்மேன் கூண்டு நிழலில் நின்று, கையிலிருந்த டப்பாவை நீட்டினாள்.

"எலுமிச்சங்கா சோறு. துன்னு."

"அப்பறம் துன்றேன் அத்த."

"த பாரு ரேணுகா. ஒரு கையெழுத்து. அத்தோட போவுது பேஜாரு. நீ போடலன்னா அந்தாளு மிஷின் பக்கம் போவாரு. அவனுக்கு ஆர்டரு நின்னுடும். சாயங்காலம் பூஞ்சேரிக்காரரு வந்து ஒக்காந்தா நா இன்னாத்த எடுத்துக் காட்டறது?"

"நா போட்டா மேசைய எடுத்துடுவாங்களாம்."

"ஒனக்கு வேற வேல போட்டுக் குடுக்கறாராமே. பரணி வேற சம்பாரிக்கிறான்."

"எனக்கு அவரு கீறாரு. மேசையில ஒக்கார்ற கண்ணகிக்கு யாரு கீறா? அம்சா புருசன் இன்னா பண்றான்னு ஒனக்குத் தெரியாதா? நாற்காலி வாங்கற வூடு அது."

சாரதாம்பாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். அவளும் நாற்று நட்டு, செங்கல் சுமந்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள். ஆறு பேருக்குக் கூலி போவது என்றால் என்ன என்று அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

"அவன் எம் புள்ள," என்றாள் கடைசியில். வேறு நியாயம் இல்லாததால் அதைச் சொன்னாள்.

"எனக்கும் புள்ள மாரிதான் அத்த. அதான் கோவம் வருது."

டப்பாவை ரேணுகா கையில் வைத்து மூடிவிட்டு சாரதாம்பாள் நடந்தாள். பத்து அடி போய்த் திரும்பி, "ஊறுகா அடியில கீது," என்றாள்.

மூன்று மணிக்கு ஷபானா ஸ்கூட்டியில் வந்தாள். ஜானகிராமன் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மேஜையில் கடிதம் இருந்தது, பக்கத்தில் மூடி கழற்றிய பேனா. ரஞ்சித்தையும் வரச் சொல்லியிருந்தார்கள். வாசல்படியில் நின்றான்.

ரேணுகா ஒரு பாக்கெட்டைப் பிரிக்காமல் மேஜைமேல் வைத்தாள்.

"சார், நீங்க பிரிச்சி கலர் கலரா வெய்யுங்க."

அவர் சங்கடமாகச் சிரித்துக்கொண்டு பதினொரு கார்டையும் அடுக்கினார். சிவப்பு நாலு. மஞ்சள், பச்சை, கறுப்பு இரண்டிரண்டு. வயல் படம் போட்ட நிலக் கார்டைப் பச்சையோடு சேர்த்து வைத்தார்.

"இப்ப நீங்க வெய்யுங்க மேடம்."

ஷபானா குனிந்தாள். நிலக் கார்டைப் பச்சையிலிருந்து பிரித்துத் தனியாக வைத்தாள். சிவப்பு அடுக்கிலிருந்து தீப்பந்தக்காரனை எடுத்தாள், மூலையைப் பார்த்தாள், நிமிர்ந்து ரேணுகாவைப் பார்த்தாள். இன்னொன்றையும் எடுத்து இரண்டையும் ஓரமாக வைத்தாள்.

"ரெண்டு நீலம்," என்றாள். "எல்லாமே ரெண்டு ரெண்டா இருக்கு. சார், பிரிச்சது கரெக்ட். ஒரு தப்பும் இல்ல. கடைக்காரரும் நம்ம எல்லாரையும் மாதிரிப் பட்டையைப் பாத்துட்டாரு."

ஜானகிராமன் கார்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பட்டை தப்பா இருக்குன்னு நீங்க பாத்தீங்களாக்கா?" என்று ஷபானா கேட்டாள்.

"பாத்தோம் மேடம். அம்சா கேட்டா. நாந்தான் பொட்ட பாருன்னேன். வேணும்னே ஏமாத்தறதுக்கு நீங்க அப்டி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சிட்டேன். வந்து கேட்டிருக்கணும். அது எந் தப்பு."

ஷபானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்த தடவை வேணும்னா அப்படி ஒண்ணு வெக்கிறேன்." பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆட்டத்துக்கு இது நீலந்தான் சார். ஆனா ஒவ்வொரு கடையிலயும் நான் நின்னு சொல்லிக்கிட்டிருக்க முடியாது. அந்த இருநூறு ஷீட்டையும் திரும்ப அடிச்சுக் குடுங்க. மேஜையை மாத்தாதீங்க. இவங்களுக்குத்தான் விஷயம் தெரிஞ்சிருக்கு," என்றாள்.

ஜானகிராமன் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதே குரலில், "சனிக்கிழமை கடைசி அடுக்குக்கு முதல் ஷீட் யார் பாத்தது?" என்று கேட்டார்.

ஷபானா கார்டுகளைப் பாக்கெட்டுக்குள் திரும்பப் போட ஆரம்பித்தாள்.

"நா மூணுக்கு போட்டேன் சார்," என்றாள் ரேணுகா. "மஞ்ச, பச்ச, செவப்பு. நீலத்துக்கு நா போடல."

சொல்லும்போது வாசல்படிப் பக்கம் அவள் திரும்பவில்லை.

"ரஞ்சித்?"

"ஆமா சார்," என்றான் அவன். "வாங்கல. நேரமாயிடுச்சின்னு நானே ஓட்டிட்டேன்."

"ஷீட் எங்க?"

"தொலஞ்சி போச்சி சார்."

ஜானகிராமன் மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு நீளக் கவர் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு மூடினார். "தப்பா அடிக்கறது நடக்கும்ப்பா. கையெழுத்து வாங்காம ஓட்டறது வேற. உன் ஆர்டர் இப்போதைக்கு என்கிட்டயே இருக்கட்டும்."

ரஞ்சித் தலையை ஆட்டினான். போய் மிஷினைப் போட்டான். மீதி நேரம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மேஜையில் தட்டுகள் திரும்பிவந்தன. அம்சா ரேணுகாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். ரேணுகாவுக்கு எலுமிச்சங்காய்ச் சோறு இறங்கவில்லை.

ஐந்தரைக்கு வேலை விட்டது. வெயில் இன்னும் இருந்தது. அச்சகக் கேட்டுக்கு வெளியே ரஞ்சித் அவளுக்காக நின்றான். எப்போதும் நிற்பதுதான். இன்று நிற்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

கொஞ்ச தூரம் இருவரும் நடந்தார்கள். அவன் சட்டைக்குள் கையை விட்டு எட்டாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தான்.

"அண்ணி, இத அடுப்புல போட்டுடுங்க. எங்கியாவது வுழுந்தா தப்பு."

"இன்னா இது?"

"போட்டுடுங்க, அவ்ளோதான்."

அவள் நடுத்தெருவில் நின்று பிரித்தாள். முப்பத்தாறு கார்டு, முப்பத்தாறு சிவப்புப் பட்டை. முதல் மூலையில் தீப்பந்தக்காரன். ஆணி கிழித்த ஓட்டைக்குப் பக்கத்தில், பேர் முழுக்க அடிக்கோடு இழுத்த அவள் கையெழுத்து.

அவளுக்குச் சனிக்கிழமை அப்படியே வந்தது. வாசலில் ஆட்டோ. உள்ளே வந்து கத்தின மாமியார். மிஷின்மேல் சிவப்பாக ஒரு ஷீட், ரஞ்சித் நீட்டின பேனா. நேரமாச்சி போடா என்று சொல்லிக்கொண்டே போட்டாள். சிவப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். சிவப்பு நன்றாகத்தான் விழுந்திருந்தது. அதனால் அது அவள் மனதில் இன்னொரு சிவப்பாகவே தங்கிவிட்டது. நீலம் என்று தேடினால் எப்படி ஞாபகம் வரும்?

"எப்ப எடுத்த இத?"

"காலையில. சார் ஒங்ககிட்ட நாலு செவப்பு, நீலமே இல்லன்னு சொன்னது காதுல வுழுந்ததும்."

"ஏன்டா சொல்லல?"

அவன் செருப்பால் ஒரு கல்லைத் தள்ளினான். "நீங்கதான அண்ணி சேத்துவுட்டீங்க. ஒங்க கையெழுத்து மாட்டினா மேசைக்கு யாரு பேசறது? எனக்கு பேச வராது." பிறகு, "அப்பறம் நீங்க போடலன்னு அத்தினி பேரு முன்னாடி சொல்லிட்டீங்க. நா எப்டி எடுத்துக் காட்டறது?" என்றான்.

அவன் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ரேணுகா ஷீட்டை அதே மடிப்பில் மடித்தாள். திரும்பி அச்சகத்தைப் பார்த்து நடந்தாள்.

"அண்ணி. வாணாம். மேசைய திரும்ப எடுத்துடுவாங்க."

"மேச சரியா பண்ணிச்சின்னு அந்தப் பொண்ணே சொல்லிட்டா. மேசமேல தப்பு இல்ல. எம் மேல கீது."

ஜானகிராமன் பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் ஷீட்டை மேஜைமேல் விரித்து, கையெழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இது எங் கையெழுத்து சார். நீலத்துக்கு போடலன்னு சொன்னேன். செவப்புன்னு நெனச்சி நீலத்துக்குத்தான் போட்டிருக்கேன். அவன் கேட்டுத்தான் ஓட்டினான்."

அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். "யாரும் பாக்காத காகிதம் ரேணுகா. எதுக்குக் கொண்டுவந்தே?"

அவள் ஷீட்டைத் திரும்ப மடிக்கவில்லை. விரலையும் எடுக்கவில்லை.

அவர் இழுப்பறையைத் திறந்து, ரஞ்சித்தின் கவர்மேல் அந்த ஷீட்டை வைத்துப் பூட்டினார். "நாளைக்கு ஓனர் வரார். ரெண்டையும் சேத்தே அவர் கையில குடுக்கறேன். அவர் என்ன சொல்லுவாரோ எனக்குத் தெரியாது. எட்டரைக்கு ரெண்டு பேரும் வந்துடுங்க."

வெளியே ரஞ்சித் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "அம்மா பேசிச்சி. பூஞ்சேரி வேனு வந்துடுச்சாம்."

"நீ இன்னா சொன்ன?"

"வந்துகினு கீறோம்னேன்."

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் வருகிற நேரம். சைக்கிள்காரர்களுக்கு நடுவே இருவரும் நின்றார்கள்.

"அவரு ஆர்டரு எங்கன்னு கேட்டா?" என்றான் ரஞ்சித்.

"கேக்கறதுக்கு முன்னாடி நா சொல்லிடறேன். ஏன் நின்னிச்சி, யாரால நின்னிச்சின்னு. நீ ஓடிப் போவாம பக்கத்துல நில்லு, அது போதும்."

கேட்டுக்கு அந்தப் பக்கம் சந்து முனையில் வெள்ளை வேன் நின்றுகொண்டிருந்தது. அம்சா வீட்டு நாற்காலி இரண்டை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு சாரதாம்பாளும் பொன்னியின் அப்பாவும் பேசியபடியே வீட்டுக்குள் போனார்கள். தண்டவாளம் அதிர ஆரம்பித்தது.